ஒரே கணினியில் பல பைத்தான் பதிப்புகள்: பைஎன்வ் கொண்டு நிறுவிப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உபுண்டு 22.04 இருக்கும் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘பைத்தான்3 --வெர்ஷன்’ என்று தட்டினால் 3.10 என்று விடை வரும், 24.04 ஆக இருந்தால் 3.12 என்று வரும். புதிதாகப் பைத்தான் கற்பவருக்கு அந்த ஒரு பதிப்பே போதும். இரண்டாவது புராஜெக்ட் கைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவைத்த இணையதளம் ஒன்று 3.8-இல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதை அப்படியே 3.12-இல் ஓட்டிப் பார்த்தால் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற மாட்யூல் இல்லை என்று நின்றுவிடக்கூடும், ஏனெனில் 3.12-இல் அந்த மாட்யூலை நீக்கிவிட்டார்கள். ‘இம்ப்’ மாட்யூலும் அதே பதிப்பில்தான் போயிற்று. அடுத்து வந்த 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் உள்ளிட்ட 19 பழைய மாட்யூல்கள் ஒரே வீச்சில் வெளியேறின.

3.9 தொடங்கி ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் ஒரு புதிய பைத்தான் பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. ஆகவே எந்த நாளில் கணக்கெடுத்தாலும் ஐந்து பதிப்புகள் உயிரோடு இருக்கும். அவற்றுக்குப் பின்னால், ஆதரவு முடிந்தும் எங்கோ ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் 3.8 போன்றவையும் இருக்கும் (அதன் ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்தது). ஒரு நிரலாளர் இவற்றில் இரண்டு மூன்றையாவது தன் கணினியில் வைத்திருக்க வேண்டிய நிலை தவிர்க்க முடியாதது. அதைச் செய்வதற்குப் பல கருவிகள் உள்ளன. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிற பைஎன்வ் என்ற கருவியை எடுத்துக்கொண்டு, உபுண்டு கணினியில் தொடக்கம் முதல் இறுதிவரை செய்ய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறேன்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். எண்கள், புள்ளிகள், சிறு கோடுகள், இடைவெளிகள் ஆகியவை உள்ளபடியே இருக்க வேண்டும். பைஎன்வ் என்பது பி, ஒய், இ, என், வி என்ற ஐந்து எழுத்துகள்.

இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாதீர்கள்

வேறு எதையும் நிறுவுவதற்கு முன் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. உபுண்டுவோடு வரும் பைத்தான், உபுண்டு தன் வேலைகளுக்காக வைத்திருப்பது. நாமும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமே தவிர, அதை மாற்றும் உரிமை நமக்கு இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதிய பதிப்பு ஒன்றை நிறுவிவிட்டு, ‘பைத்தான்3’ என்று தட்டினால் அதுவே வர வேண்டும் என்பதற்காக ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ கட்டளையால் இணைப்பை மாற்றிவைத்தேன். அன்று முழுவதும் எல்லாம் சரியாகவே இருந்தது. மறுநாள் டெர்மினல் படவுருவைச் சொடுக்கினேன். ஒரு நொடி சுழன்றது, பிறகு மறைந்துபோயிற்று. எத்தனை முறை சொடுக்கினாலும் அதே கதைதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், உள்நுழைந்து, உபுண்டுவில் நிரல்களை நிறுவும் கருவியான ஏபிடிக்கு ‘ஏபிடி அப்டேட்’ கொடுத்தால் ‘ஏபிடி_பிகேஜி’ என்ற மாட்யூல் இல்லை என்று அதுவும் முறையிட்டது. காரணம் எளியது: உபுண்டுவில் நோம் டெர்மினலைத் தொடங்கிவைக்கும் நிரலே பைத்தானில் எழுதப்பட்ட ஒரு சிறு கோப்பு. அது தேடும் ‘ஜிஐ’ மாட்யூல் உபுண்டுவோடு வந்த பதிப்புக்காக மட்டுமே கம்பைல் செய்யப்பட்டது (மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவதே கம்பைல்). நான் மாற்றிவைத்த புதிய பைத்தானுக்கு அப்படியொரு மாட்யூல் இருப்பதே தெரியாது. இணைப்பைப் பழையபடி திருப்பியதும் டெர்மினல் திறந்தது.

என் தவறைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு. பழைய பைத்தான் வேண்டாம் என்று ‘ஏபிடி ரிமூவ் பைத்தான்3’ கொடுத்து, ‘எவையெல்லாம் நீக்கப்படும்’ என்ற நீண்ட பட்டியலைப் படிக்காமலேயே ஒய் அழுத்திவிடுவது. அந்தப் பட்டியலில் மேசைத்திரைச் சூழலே இருக்கும்.

இத்தகைய விபத்துகளைத் தடுக்கத்தான் 24.04 போன்ற அண்மைப் பதிப்புகளில் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்புக்கு வெறுமனே ‘பிப் இன்ஸ்டால்’ கொடுத்தால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லிப் பிப் மறுத்துவிடுகிறது. அதைத் தாண்டிச் செல்ல ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்க்கும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். இயங்குதளத்தின் தொகுப்புகளை உடை என்பதுதான் அதன் நேர்ப்பொருள். பெயர் வைத்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

கம்பைல் செய்யத் தேவையானவை

பைஎன்வ் ஆயத்தமான பைத்தானைக் கொண்டுவந்து வைப்பதில்லை. மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. ஆகவே கம்பைலரும் சில லைப்ரரிகளின் ‘டெவ்’ தொகுப்புகளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால்’ என்று தொடங்கி, அதன் பின் பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், டிகே-டெவ், கர்ல், கிட் ஆகிய பெயர்களை வரிசையாகக் கொடுத்து நிறுவிக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் பின்னால் அதிகம் சிரமப்படுகிறார்கள். எஸ்எஸ்எல் அல்லது இசட்லிப் இல்லாவிட்டால் கம்பைல் தோல்வியுற்று நின்றுவிடும். அது ஒருவகையில் நல்லது, குறை உடனே தெரிந்துவிடுகிறது. எஃப்எஃப்ஐ லைப்ரரி இல்லாவிட்டால் நிலைமை வேறு. ‘சிடைப்ஸ் கம்பைல் ஆகவில்லை, லிப்எஃப்எஃப்ஐ இல்லையோ’ என்று ஓர் எச்சரிக்கை வரி ஓடி மறையும், அதன் கீழே வழக்கம்போல ‘நிறுவப்பட்டது’ என்று முடிந்துவிடும். நாமும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ச்சியாக எழுந்துபோவோம். ஒரு வாரம் கழித்து, சிடைப்ஸை நம்பியிருக்கும் ஏதோவொரு தொகுப்பை இம்போர்ட் செய்யும்போது ‘_சிடைப்ஸ்’ மாட்யூல் இல்லை என்று பிழை வரும்; அதற்குள் அந்த எச்சரிக்கை வரி நினைவிலேயே இருக்காது. எஸ்க்யூலைட், பிஇசட்2, எல்இசட்எம்ஏ ஆகியவையும் இப்படியே.

பைஎன்வை அமைத்தல்

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பைஎன்வ் என்ற கணக்கின் கீழ் அதே பெயரில் இருக்கும் களஞ்சியத்தை, ‘கிட் குளோன்’ கட்டளையால் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ‘.பைஎன்வ்’ என்ற பெயரில் இறக்குங்கள். பெயரின் முன்னால் உள்ள புள்ளி முக்கியம். அந்தப் புள்ளியால் அது மறைந்திருக்கும் கோப்புறையாகிறது. நிறுவுதல் என்பது இவ்வளவுதான். பின்னாளில் புதுப்பிக்க வேண்டுமானால் அந்தக் கோப்புறைக்குள் சென்று ‘கிட் புல்’ கொடுத்தால் போதும். புதிய பைத்தான் பதிப்பு வெளிவந்தும் பைஎன்வின் பட்டியலில் அது தென்படவில்லை என்றால், பெரும்பாலும் இந்தப் புதுப்பித்தலைச் செய்யாததே காரணமாக இருக்கும்.

அடுத்தது ஷெல்லுக்கு, அதாவது டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை ஏற்று ஓட்டும் நிரலுக்கு, இதை அறிமுகப்படுத்துவது. ‘.பைஎன்வ்’ கோப்புறைக்குள் ‘பின்’ என்ற கோப்புறையில் இருக்கும் பைஎன்வ் நிரலை, முழுப் பாதையையும் கொடுத்து, ‘இனிட்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்து இயக்கினால், எந்தக் கோப்பில் எந்த வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பதை அதுவே அச்சிட்டுக் காட்டும். பாஷ் என்ற ஷெல்லைப் பயன்படுத்துபவர்கள் அவ்வரிகளை ‘.பாஷ்ஆர்சி’ கோப்பின் இறுதியில் ஒட்டுங்கள். அவற்றில் முதல் வரி பைஎன்வ் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது அதன் ‘பின்’ கோப்புறையைப் பாத் மாறியில் (நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலில்) சேர்க்கிறது. மூன்றாவது, டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் பைஎன்வின் ஏற்பாடுகளைச் செய்துவைக்கிறது. இறுதியில் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: மேலே ஒட்டினால், கீழே வரும் வேறொரு வரி தன் கோப்புறையைப் பாத்தின் முன்னால் செருகிவிட வாய்ப்பிருக்கிறது. சேமித்தபின் டெர்மினலை மூடித் திறந்து ‘பைஎன்வ் --வெர்ஷன்’ கொடுத்துப் பாருங்கள்.

பதிப்புகளை நிறுவுதல்

‘பைஎன்வ் இன்ஸ்டால் --லிஸ்ட்’ என்றால் நிறுவக்கூடிய அனைத்தும் வரிசையாக வரும். பைபை, மினிகோண்டா போன்ற பிற வகைகளும் கலந்து வருவதால் பட்டியல் மிக நீளமானது. வெறும் எண்ணில் தொடங்குபவையே வழக்கமான பைத்தான். ‘பைஎன்வ் இன்ஸ்டால் 3.12’ என்று கொடுத்தால், 3.12 வரிசையில் பைஎன்வ் அறிந்த கடைசித் திருத்தப் பதிப்பை அது எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டுமென்றால் 3.12.7 என்று முழுமையாகக் கொடுக்கலாம்.

கம்பைல் நடக்கும் சில நிமிடங்களுக்குத் திரையில் எதுவும் அசையாது. பழைய மடிக்கணினியானால் காத்திருப்பு இன்னும் நீளும். உறைந்துவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினால் கட்டளையின் இறுதியில் ‘-வி’ சேர்த்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் ஒரு சோதனை. ஹோம் கோப்புறையிலிருந்து ‘.பைஎன்வ்’, அதனுள் ‘வெர்ஷன்ஸ்’, அதனுள் பதிப்பின் எண், அதனுள் ‘பின்’ என்று இறங்கினால் பைத்தான் இருக்கும். அதைத் திறந்து எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, சிடைப்ஸ், பிஇசட்2, எல்இசட்எம்ஏ ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்து பாருங்கள். எதுவும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்தால் நலம். ஏதேனும் ஒன்று பிழை தந்தால், அதற்குரிய ‘டெவ்’ தொகுப்பை நிறுவுவது மட்டும் போதாது. பைத்தானையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு ‘பைஎன்வ் இன்ஸ்டால் --ஃபோர்ஸ் 3.12.7’.

எந்தப் பதிப்பு ஓடுகிறது, யார் முடிவு செய்கிறார்கள்

இதைப் புரிந்துகொண்டவருக்குப் பைஎன்வில் பெரிதாகக் குழப்பம் வராது. புரியாதவருக்கு வாரம் ஒரு புதிர் காத்திருக்கும். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நாம் ‘பைத்தான்’ என்று தட்டியதும் ஷெல், பாத் மாறியில் உள்ள கோப்புறைகளை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கண்ணில் பட்டதை ஓட்டுகிறது. பைஎன்வ் செய்வதெல்லாம் அந்த வரிசையின் முன்னால் ‘ஷிம்ஸ்’ என்ற தன் கோப்புறையை நிறுத்திவைப்பதுதான். அதற்குள் பைத்தான், பிப் முதலிய பெயர்களில் சிறு சிறு கோப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்றை ஏதாவதொரு எடிட்டரில் திறந்து பாருங்கள்: சில வரி ஷெல் நிரல், அவ்வளவே. வாசலில் நின்று வருவோரை உரிய அறைக்கு அனுப்பிவைப்பவரைப் போல, அது ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, வேலையை உரிய பதிப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வரிசை இது. பைஎன்வ்_வெர்ஷன் என்ற சூழல் மாறிக்கு மதிப்பு இருந்தால் அதுவே முடிவு. ‘பைஎன்வ் ஷெல் 3.11’ என்ற கட்டளை இந்த மாறியைத்தான் அமைக்கிறது, டெர்மினலை மூடினால் அது போய்விடும். அது இல்லையென்றால், நாம் நிற்கும் கோப்புறையில் ‘.பைத்தான்-வெர்ஷன்’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே இல்லையென்றால் ஒரு படி மேலே, அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போகும். ‘பைஎன்வ் லோக்கல் 3.11’ எழுதுவது இந்தக் கோப்பைத்தான். மேலே வரை ஏறியும் எதுவும் கிடைக்கவில்லையென்றால் ‘பைஎன்வ் குளோபல்’ கட்டளையால் குறித்துவைத்த பதிப்பு; அதுவும் இல்லையென்றால் இயங்குதளத்தின் பைத்தான்.

‘மேலே ஏறிக்கொண்டே போகும்’ என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருமுறை ஹோம் கோப்புறையில் நின்றுகொண்டு ‘பைஎன்வ் லோக்கல் 3.8’ கொடுத்துவிட்டால், அதன் கீழே உள்ள எல்லா புராஜெக்ட்களும் காரணம் தெரியாமல் 3.8-இல் ஓடத் தொடங்கும். குளோபலை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது. ‘பைஎன்வ் வெர்ஷன்’ என்று ஒருமையில் கொடுத்தால், இப்போதைய பதிப்போடு அது எந்தக் கோப்பால் தீர்மானிக்கப்பட்டது என்பதும் அடைப்புக்குள் வரும். என் அனுபவத்தில் இத்தகைய புதிர்களில் பாதி அந்த ஒரு வரியிலேயே அவிழ்ந்துவிடும்.

குளோபலை ஏதாவதொரு புதிய பதிப்பில் வைத்தால் முன்பு சொன்ன டெர்மினல் விபத்து மறுபடி நேருமா என்று கேட்கலாம். நேராது. உபுண்டுவின் சொந்த நிரல்கள் தங்கள் முதல் வரியில் இயங்குதளப் பைத்தானின் முழுப் பாதையையும் எழுதிவைத்திருப்பவை. ஷிம்களின் பக்கம் அவை வருவதே இல்லை. ஆனால் முதல் வரியில் ‘என்வ் பைத்தான்3’ என்று எழுதப்பட்ட, வெளியிலிருந்து நீங்கள் கொண்டுவந்த நிரல்கள் ஷிம் வழியாகத்தான் வரும். அவை மட்டும் மாறும்.

‘.பைத்தான்-வெர்ஷன்’ கோப்பைக் கிட்டில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் புதிதாகச் சேர்பவர் எந்தப் பதிப்பு என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அதில் 3.11 என்று மட்டும் இருந்தால் நல்லது, 3.11.9 என்று இறுக்கிக் கட்டினால், 3.11.8 வைத்திருப்பவருக்கு ‘நிறுவப்படவில்லை’ என்ற செய்தி வந்து வேலை நின்றுவிடும்.

பதிப்பு வேறு, தொகுப்புகள் வேறு

பைஎன்வ் பைத்தான் பதிப்புகளைப் பிரித்துவைக்கிறது. ஜாங்கோ, நம்பை போன்ற தொகுப்புகளை அது புராஜெக்ட் வாரியாகப் பிரிப்பதில்லை. ஒரே 3.10-இல் ஓடும் இரண்டு புராஜெக்ட்களில் ஒன்றுக்கு ஜாங்கோ 3.2-உம் மற்றொன்றுக்கு 4.2-உம் தேவைப்பட்டால், ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தொகுப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் சூழலான வென்வ்தான் வழி. புராஜெக்ட் கோப்புறைக்குள் பதிப்பை லோக்கலாகக் குறித்தபின் ‘பைத்தான் -எம் வென்வ் .வென்வ்’ கொடுங்கள், பிறகு ‘சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்’. இந்த வரிசை மாறக் கூடாது. வென்வ் உருவான நொடியில் எந்தப் பைத்தான் இருந்ததோ அதனோடு அது பிணைந்துவிடுகிறது, பிறகு ‘.பைத்தான்-வெர்ஷன்’ கோப்பை மாற்றினாலும் வென்வ் அசைந்துகொடுக்காது. பதிப்பை மாற்ற வேண்டுமானால் ‘.வென்வ்’ கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கி, தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து அவற்றை நிறுவிக்கொள்ள வேண்டும். அது தூக்கி எறியக்கூடிய ஒன்று. அதற்குள் கையால் எதையும் எழுதிவைக்காதீர்கள்.

தொகுப்புகளை நிறுவும்போது ‘பிப் இன்ஸ்டால்’ என்பதைவிட ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எழுதும் பழக்கம் பாதுகாப்பானது. எந்தப் பைத்தானை அழைக்கிறீர்களோ அதன் பிப் தானாகவே வந்துவிடும்.

குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக இரவில் ஓடும் நிரல்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கிரான் உங்கள் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பைப் படிப்பதில்லை. ஆகவே ஷிம்களும் அதற்குத் தெரியாது. கிரான் வரியில் ‘.வென்வ்’ கோப்புறைக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதிவிட்டால், பைஎன்வோ ஆக்டிவேட்டோ எதுவும் தேவையில்லை.

விண்டோஸிலும் பிற மொழிகளிலும்

பைஎன்வ் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே பின்பற்றலாம். இல்லாதவர்கள், பைத்தான் தளத்தின் நிறுவியால் வேண்டிய பதிப்புகளை அடுத்தடுத்து நிறுவிக்கொண்டு, உடன் வரும் ‘பிஒய்’ என்ற தொடக்கியைப் பயன்படுத்தலாம்: ‘பிஒய் --லிஸ்ட்’ இருப்பவற்றைக் காட்டும், ‘பிஒய் -3.11’ குறிப்பிட்டதை ஓட்டும். ஒரு பதிப்பு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் கட்டத்துக்குச் சென்றபின் அதற்கு விண்டோஸ் நிறுவி வெளியிடப்படுவதில்லை. 3.11 வரிசையில் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு 3.11.9; அதற்குப் பின்னுள்ளவை மூலநிரலாக மட்டுமே கிடைக்கும்.

காத்திருந்து கம்பைல் செய்ய விருப்பமில்லாதவர்களுக்கு யுவி இருக்கிறது. 2024-இல் வந்த இக்கருவி ‘யுவி பைத்தான் இன்ஸ்டால் 3.12’ என்றால் முன்பே கம்பைல் செய்யப்பட்ட பைத்தானை நொடிகளில் இறக்கித் தருகிறது. வென்வையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்கும் புராஜெக்டுக்கு நான் இப்போது அதைத்தான் எடுக்கிறேன். ஆயினும் ஏற்கெனவே பைஎன்வில் அமைந்து நன்றாக ஓடுவதைக் கலைக்க வேண்டிய தேவை எதையும் நான் காணவில்லை.

பிற மொழிகளுக்கும் இத்தகைய கருவிகள் உண்டு: நோடுக்கு என்விஎம், அதன் ‘.என்விஎம்ஆர்சி’ கோப்பு, ரூபிக்கு ஆர்பிஎன்வ் (பைஎன்வே அதிலிருந்து கிளைத்ததுதான்), ஜாவாவுக்கு எஸ்டிகேமேன். மூன்று நான்கு மொழிகளில் அன்றாடம் வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி வைத்துக்கொள்வது சுமைதான். அவர்கள் ஏஎஸ்டிஎஃப் அல்லது மீஸ் கருவியை நாடலாம், இரண்டும் ‘.டூல்-வெர்ஷன்ஸ்’ என்ற ஒரே கோப்பில் எல்லா மொழிகளின் பதிப்புகளையும் ஏற்கும்.

பழையதை நீக்குதல்

ஒவ்வொரு பதிப்பும் சில நூறு மெகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘பைஎன்வ் வெர்ஷன்ஸ்’ என்று பன்மையில் கொடுத்து, தேவையற்றவை எவை என்று அவ்வப்போது பாருங்கள். ஆனால் உடனே நீக்கிவிடாதீர்கள்; அந்தப் பதிப்பை நம்பி எங்காவது ஒரு வென்வ் இருக்கலாம். ஒவ்வொரு வென்வுக்குள்ளும் ‘பைவென்வ்.சிஎஃப்ஜி’ என்ற சிறு கோப்பு உண்டு. அதில் ‘ஹோம்’ என்று தொடங்கும் வரியில், அந்த வென்வ் எந்தப் பைத்தானிலிருந்து உருவானது என்ற பாதை எழுதப்பட்டிருக்கும். புராஜெக்ட்கள் இருக்கும் கோப்புறையில் நின்று, இக்கோப்புகளில் 3.8.20 என்ற எண் எங்கெல்லாம் வருகிறது என்று, கோப்புகளுக்குள் தேடும் கிரெப் கட்டளை கொண்டு தேடுங்கள். வரும் இடங்களில் புராஜெக்டைப் புதிய பதிப்புக்கு மாற்றி, வென்வை மறுபடி உருவாக்கி, சோதனைகளை ஒருமுறை ஓட்டுங்கள். தேடல் வெறுமையாகத் திரும்பியபின் ‘பைஎன்வ் அன்இன்ஸ்டால் 3.8.20’ கொடுத்து, உறுதிதானா என்று அது கேட்கும்போது ஒய் அழுத்தலாம்.